குற்றப் பிரேரணையும் நடுவுநிலைமையும்: மன்னார் நீதிமன்று உணர்த்தும் பாடம்

உயர்பதவியில் அமர்ந்தார் ஒருவர் பிழைசெய்தாரெனின் அவரை விசாரிப்பார் யாவர், எம்முறையால் விசாரிப்பார் என்னும் வினா அரசியல் வரலாற்றில் மிகப் பழையது. தேர்தல் வருமளவும் பொறுத்திருத்தல் ஒரு வழி. கிளர்ந்தெழுதல் மற்றொரு வழி. இவ்விரண்டுக்கும் இடையே சட்டம் வகுத்துத் தந்த வழியே குற்றப் பிரேரணை. மக்கள் பிரதிநிதிகள் ஓர் அதிபர்மீதோ நீதியரசர்மீதோ குற்றஞ்சாட்டி, ஆராய்ந்து, அவரைப் பதவியினின்றும் அகற்றும் முறை அது. குற்றஞ்சாட்டுவோர் அரசியலாளர், பல நாடுகளில் தீர்ப்பளிப்போரும் அரசியலாளரே. ஆதலின் குற்றப் பிரேரணை பாதி வழக்கு, பாதி அரசியல் என்று கூறுதல் மிகையாகாது.

அதனை வழக்காக்குவது யாது? வெறும் தலையெண்ணிக்கையாக்குவது யாது? குற்றஞ்சாட்டுவோரும் நடுவரும் வேறாக நிற்பின் அது வழக்கு. ஒருவரே இரண்டுமாகின் அது எண்ணிக்கை. இவ்வுண்மையை இலங்கையின் 2012, 2013 ஆம் ஆண்டுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வரலாற்றின் முக்கிய அத்தியாயம் ஒன்று தலைநகரிலன்றி மன்னார்த் தீவில் நிகழ்ந்தது என்பதே ஈண்டு நாம் சிறப்பாக நோக்கத்தக்கது.

முன்னோர் கண்ட நீதி

தமிழர் இலக்கியத்தில் அரசன்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் கோவலனுக்குக் கொலைத்தண்டம் விதித்தான். விசாரணை நிகழவில்லை; எதிர்வாதம் கேட்கப்படவில்லை. பின்னர்க் கண்ணகி அவ்வரசனின் அவைக்கே சென்று அவன்மீதே குற்றஞ்சாட்டினாள். ஆண்டுக் குற்றஞ்சாட்டப்பட்டவனும் தீர்ப்பளிக்க வேண்டியவனும் ஒருவனே. சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்தபோது பாண்டியன் தன்னைத் தானே குற்றவாளியெனக் கண்டு உயிர்துறந்தான்.

அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் கதையும் இத்தன்மையதே. தன் மைந்தனின் தேர்க்காலில் கன்று மடிந்ததற்காக, ஆராய்ச்சி மணியசைத்த பசுவுக்கு நீதி வழங்க, மைந்தனையே அவன் தண்டித்தான் என்பது செய்தி. பகையரசனாகிய தமிழனின் நீதியை அந்நூல் போற்றுதல் கருதத்தக்கது.

இவ்விரு கதைகளும் நம் உள்ளத்தை உருக்குவன. எனினும் ஆட்சிமுறைக்கு இவற்றை அடிப்படையாகக் கொள்ளல் இயலாது. தன் குற்றத்துக்குத் தானே நடுவனாயிருந்து தனக்கெதிராகத் தீர்ப்பளிக்கும் அரசன் ஆயிரத்தில் ஒருவன். எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மருக்காகவே அரசியலமைப்பு எழுதப்படுகின்றது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அந்நடுவுநிலைமையை ஒருவரின் குணத்தினின்றும் எடுத்து நிறுவனத்தின் அமைப்பில் வைத்தலே அரசியலமைப்பு ஆக்கியோரின் முயற்சியாகும்.

இரு சபைகளின் பயன்

இங்கிலாந்தில் மக்கள் சபை குற்றஞ்சாட்டப் பிரபுக்கள் சபை விசாரிப்பது வழக்கமாயிருந்தது. வங்காளத்தில் ஆளுநர் நாயகமாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது எட்மண்ட் பேர்க் முதலியோர் தொடுத்த வழக்கு 1788 இல் தொடங்கி 1795 இல் விடுதலையில் முடிந்தது. ஏழாண்டு இழுபட்ட அவ்வழக்கு, குடியேற்ற நாட்டு மக்களுக்கு இழைத்த கொடுமையும் விசாரணைக்குரியதே என்னும் கருத்தை நிலைநாட்டியதேனும், அம்முறையின் தளர்ச்சியையும் காட்டிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பு இம்முறையைச் செம்மைப்படுத்திற்று. பிரதிநிதிகள் சபை சாதாரண பெரும்பான்மையாற் குற்றஞ்சாட்டும். செனற் சபை விசாரித்து மூன்றிலிரண்டு பங்கு வாக்கினாலேயே குற்றவாளியெனத் தீர்க்கும். சனாதிபதி விசாரிக்கப்படுங்கால் பிரதம நீதியரசரே தலைமை வகிப்பார். இப்பிரிவினையின் பயனை இரு நிகழ்ச்சிகள் விளக்கும்.

முதலாவது, உயர் நீதிமன்ற நீதியரசர் சாமுவேல் சேஸ்மீது 1804 இல் கொண்டுவரப்பட்ட குற்றப் பிரேரணை. அவர் அரசியற் சார்பு வெளிப்பட நடந்தவர் என்பதை மறுப்பாரில்லை. ஜெபர்சன் சனாதிபதியாயிருந்த அக்காலத்துச் செனற் சபையின் 34 இடங்களுள் 25 இடங்கள் அவர் கட்சியினரிடம் இருந்தன. தீர்ப்புக்கு வேண்டியன 23 வாக்குகளே. எனினும் எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19 வாக்குகளுக்கு மேற் கிடைக்கவில்லை. 1805 இல் சேஸ் விடுதலையானார். ஆளுங்கட்சியினரே தம் கட்சியின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தமையால், தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக நீதியரசரை அகற்றலாகாது என்னும் மரபு அந்நாட்டில் வேரூன்றிற்று.

இரண்டாவது, சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன்மீது 1868 இல் நிகழ்ந்த விசாரணை. குற்றவாளியென 35 பேரும் அல்லரென 19 பேரும் வாக்களிக்க, ஒரே வாக்கினால் அவர் பதவி தப்பிற்று.

அமெரிக்க முறை குறையற்றதெனக் கொள்ளற்க. 2020 இலும் 2021 இலும் டொனால்ட் ட்ரம்ப்மீது நிகழ்ந்த இரு விசாரணைகளிலும் பெரும்பாலார் கட்சிவழியே வாக்களித்தனர். இரண்டாம் முறை குற்றவாளியென 57 பேர் வாக்களித்தும் 67 என்னும் எல்லை எட்டப்படவில்லை. அமைப்பு நல்லதாயினும் மனச்சான்று இல்லாவிடத்து அது பயன்தராது என்பது உண்மையே. ஆயினும் அமைப்பே இல்லாவிடத்து மனச்சான்றுடையார் சிலர் இருப்பினும் செய்வதற்கொன்றில்லை என்பது அதனினும் பெரிய உண்மை. இதற்கு இலங்கையே சான்று.

இலங்கையில் நிகழ்ந்த மாற்றம்

சோல்பரி அரசியலமைப்பின்கீழ் இலங்கைக்கும் ஒரு செனற் சபை இருந்தது. 1947 முதல் 1971 வரை நிலவிய அச்சபையில் 30 உறுப்பினர் இருந்தனர். உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரை அகற்றுதற்குப் பிரதிநிதிகள் சபை, செனற் சபை ஆகிய இரண்டும் வேண்டுகோள் விடுத்தல் அன்று அவசியமாயிருந்தது. 1971 ஒக்டோபரில் செனற் சபை ஒழிக்கப்பட்டது. 1972 இன் குடியரசு அரசியலமைப்பும் 1978 இன் அரசியலமைப்பும் ஒரே சபையையே கொண்டன. இரண்டாம் சபை ஒழிந்தபோது, நீதியரசரின் பதவிக்குக் காவலாயிருந்த இரண்டாம் கதவும் உடன் ஒழிந்தது.

1978 இன் அரசியலமைப்பு சனாதிபதிக்கு ஒரு முறையையும் நீதியரசருக்கு வேறொரு முறையையும் வகுத்தது. சனாதிபதியை அகற்றுவதாயின் 38 ஆம் உறுப்புரைப்படி பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையாற் பிரேரணையை ஏற்றல் வேண்டும். பின் உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தருதல் வேண்டும். அதன்பின்னும் பாராளுமன்றம் மறுபடியும் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் தீர்மானித்தல் வேண்டும். நீதியரசரை அகற்றுவதற்கோ 107 ஆம் உறுப்புரைப்படி மூன்றிலொரு பங்கு உறுப்பினரின் கையொப்பமும், மொத்த உறுப்பினரிற் சாதாரண பெரும்பான்மையும் போதும். விசாரிக்கும் முறையைச் சட்டத்தாலோ நிலையியற் கட்டளையாலோ வகுக்கலாமென விடப்பட்டது. பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் 1984 இல் ஆற்றிய உரையொன்று அரசாங்கத்தைச் சினமூட்டியபோது, அவ்வாண்டிலேயே நிலையியற் கட்டளை 78அ இயற்றப்பட்டது. அதன்படி விசாரிப்போர் பாராளுமன்றத் தெரிவுக்குழுவினர், அஃதாவது அரசியலாளர். சமரக்கோன் வயதெல்லையால் ஓய்வுபெற அவ்விவகாரம் அடங்கிற்று, கட்டளையோ எஞ்சிற்று.

சனாதிபதி ஒருவர்மீது இந்நாட்டில் குற்றப் பிரேரணை எழுந்தது 1991 இல். சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் சொந்தக் கட்சியினரான லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க முதலியோர் எதிர்க்கட்சியினருடன் சேர்ந்து கையொப்பமிட்ட பிரேரணையைச் சபாநாயகர் எம். எச். முகம்மது ஓகஸ்ட் மாதத்தில் ஏற்றுக்கொண்டார். பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, கையொப்பங்கள் சில செல்லாவெனக் கூறி ஒக்டோபரில் அவரே அதனை நிராகரித்தார். உயர் நீதிமன்ற விசாரணை என்னும் படியை அது எட்டவேயில்லை. சனாதிபதியைச் சூழ்ந்த மதில் எத்துணை உயர்ந்தது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. நீதியரசரைச் சூழ்ந்த வேலி எத்துணைத் தாழ்ந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது.

மன்னாரில் எறியப்பட்ட கல்

மன்னார்த் தீவும் அதனை அடுத்த பெருநிலக் கரையும் கடலால் வாழ்வன. மாதோட்டத் துறையிற் கலங்கள் வந்தடைந்த நாள் முதல், அரிப்புக் கரையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாள் ஈறாக, இக்கரையில் யார் எங்கே துறையமைக்கலாம், யார் எக்கடலில் இறங்கலாம் என்னும் வினாக்களே பெருவழக்குகளாயின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இங்கே ஆட்சி செலுத்தியதும் பெரிதும் இக்கடல் வளத்தை நோக்கியே.

நீண்ட போரில் இடம்பெயர்ந்த மக்கள் 2009 க்குப் பின் தத்தம் கரைகளுக்கு மீண்டபோது அப்பழைய வினா மீண்டும் எழுந்தது. மன்னார் நகரில் உள்ள மீன் இறங்குதுறை ஒன்றைப் பயன்படுத்தும் உரிமை பற்றி மீனவர் குழுவினர் இருவரிடையே பிணக்கு மூண்டது. இரு திறத்தாரும் இழப்புக்கு உள்ளானவர். இரு திறத்தாரும் வறியவர். அத்தகைய பிணக்கைக் கல்லும் தடியுமின்றித் தீர்ப்பதற்கே நீதிமன்றம் உளது. மன்னார் நீதவான் கட்டளை பிறப்பித்தார். 2012 ஜூலை 18 ஆம் நாள் ஆர்ப்பாட்டக்காரர் அந்நீதிமன்றத்தின்மீதே கல்லெறிந்தனர். அமைச்சர் ஒருவர் நீதவானைத் தொலைபேசியில் அச்சுறுத்தினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அமைச்சர் அதனை மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் தொடரப்பட்டது. நாடெங்குமுள்ள சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தனர். நீதிபதிகளும் தம் எதிர்ப்பைக் காட்டினர். யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கண்டியிலும் மன்னாருக்காக நீதிமன்றுகள் வெறிச்சோடிய நிகழ்ச்சி இந்நாட்டு வரலாற்றில் அரியது.

நீதவான்மார் நீதிச்சேவை ஆணைக்குழுவின் ஆட்சிக்குட்பட்டவர். அவ்வாணைக்குழுவின் தலைவர் பிரதம நீதியரசர். அக்காலத்துப் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க. 2011 இல் அப்பதவியேற்ற முதற் பெண்மணி. நீதித்துறைமீது அழுத்தங்களும் அச்சுறுத்தல்களும் வருகின்றன என்று ஆணைக்குழு 2012 செப்டெம்பர் 18 ஆம் நாள் வெளிப்படையாக அறிக்கை விடுத்தது. அடுத்த மாதம் 7 ஆம் நாள் அவ்வாணைக்குழுவின் செயலாளர் பட்டப்பகலில் தாக்கப்பட்டார். மன்னாரில் எறியப்பட்ட கல் ஒரு கட்டடத்தின்மீது மட்டும் விழவில்லை என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

கொழும்பில் நடந்த விசாரணை

அதே காலத்தில் மற்றொரு முரண்பாடும் முற்றிற்று. ‘வாழ்வின் எழுச்சி’ எனத் தமிழில் வழங்கிய திவிநெகும சட்டமூலம் மாகாணங்களுக்குரிய விடயங்களைத் தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைப் பெறுதல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. வட மாகாணத்துக்கு அன்று தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. முதற் சபை 2013 செப்டெம்பரிலேயே தெரிவாயிற்று. சபையின் இடத்தில் ஆளுநர் இணக்கந் தெரிவித்தல் செல்லாது என்றும் நீதிமன்றம் தீர்த்தது. மன்னார் மாவட்டம் உட்பட வடக்கின் மக்கள் தமக்கெனச் சபையொன்று இல்லாத நிலையிலும் தம் உரிமை சட்டத்தில் உயிருடன் இருப்பதை அத்தீர்ப்பிற் கண்டனர்.

2012 நவம்பர் 1 ஆம் நாள் 117 உறுப்பினர் கையொப்பமிட்ட குற்றப் பிரேரணை சபாநாயகர் சமல் ராஜபக்சவிடம் கையளிக்கப்பட்டது. அதிற் குற்றச்சாட்டுகள் 14. இவ்வெண்ணிக்கையைச் சற்று ஆராய்க. பாராளுமன்ற உறுப்பினர் மொத்தம் 225. அகற்றுவதற்கு வேண்டிய பெரும்பான்மை 113. ஆகவே குற்றஞ்சாட்டிக் கையொப்பமிட்டோரின் தொகையே தீர்ப்பளித்தற்குப் போதுமானதாயிருந்தது. விசாரணை தொடங்குமுன்னரே முடிவு கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

தெரிவுக்குழுவின் 11 உறுப்பினருள் எழுவர் ஆளுந்தரப்பினர், நால்வர் எதிர்த்தரப்பினர், அந்நால்வருள் இரா. சம்பந்தனும் ஒருவர். நேர்மையான விசாரணை கிட்டவில்லையெனப் பிரதம நீதியரசர் டிசம்பர் 6 ஆம் நாள் வெளியேறினார். மறுநாள் எதிர்த்தரப்பினர் நால்வரும் விலகினர். அதற்கும் மறுநாள், எஞ்சிய எழுவர் மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்று அறிக்கை அளித்தனர்.

நீதியரசரின் பதவியைப் பாதிக்கும் விசாரணைமுறை நிலையியற் கட்டளையாலன்றிச் சட்டத்தாலேயே வகுக்கப்படல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2013 ஜனவரித் தொடக்கத்தில் விளக்கங் கூறிற்று. அதன்வழி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7 ஆம் நாள் தெரிவுக்குழுவின் முடிவை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 11 ஆம் நாள் 155 வாக்குகள் ஆதரவாகவும் 49 எதிராகவும் அளிக்கப்பட்டன. 13 ஆம் நாள் சனாதிபதி மகிந்த ராஜபக்ச அவரை நீக்கினார். 15 ஆம் நாள் மொகான் பீரிஸ் பதவியேற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2014 இல் மாற்றியமைத்தது.

நீக்கப்பட்டவர் குறையற்றவர் என்று வாதிடுதல் எம் நோக்கமன்று. சனாதிபதியின் பதவிக்கால எல்லையை நீக்கிய 18 ஆம் திருத்தத்துக்கு 2010 இல் வழிவிட்ட நீதியரசர் குழாத்துக்கு அவரே தலைமை வகித்தவர். சாட்டப்பட்ட குற்றங்களின் மெய்யும் பொய்யும் வேறு. அவற்றை ஆராய்ந்த முறையின் தகுதி வேறு. குற்றவாளியும் நடுநிலையான அவையொன்றின் முன் நிற்கும் உரிமையுடையர்; அவர் குற்றமற்றவராயின் அவ்வுரிமை இருமடங்கு இன்றியமையாதது.

அயல்நாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

இந்தியாவில் இதற்கு நேர்மாறானதொரு நிகழ்ச்சி உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. இராமசாமி அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்தபோது அவர்மீது குற்றப் பிரேரணை எழுந்தது. 1968 இன் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி, நீதிபதி பி. பி. சாவந்த் தலைமையில் அமைந்த மூவர் குழு விசாரித்து 14 குற்றச்சாட்டுகளுள் 11 நிரூபணமாயின என்றது. எனினும் 1993 மே 11 ஆம் நாள் மக்களவையில் ஆதரவாக 196 வாக்குகள் கிடைத்தன, எதிர்வாக்கு ஒன்றுமில்லை, ஆளுங்கட்சியாகிய காங்கிரசைச் சேர்ந்தோர் உட்பட 205 பேர் வாக்களியாது இருந்தமையாற் பிரேரணை தோற்றது.

இந்தியாவில் நீதிபதிகள் குற்றங் கண்டனர், அரசியல் காத்தது. இலங்கையில் அரசியல் குற்றங் கண்டது. நீதிமன்றங் காக்க முனைந்து தோற்றது. இரண்டிடத்தும் இறுதிச் சொல் கட்சியினுடையதே. ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. இந்தியாவிற் குற்றமுள்ளதென நடுநிலையாளர் எழுதிய அறிக்கை வரலாற்றில் நின்றது; பிரேரணை தோற்றும் உண்மை தோற்கவில்லை. இலங்கையிலோ உண்மை யாதென அறிதற்கு ஏற்ற அவையே கூடவில்லை. பிரேரணை வென்றும் எதுவும் தெளிவாகவில்லை.

பின்னிகழ்ந்தனவும் முடிவும்

2015 ஜனவரியில் ஆட்சி மாறிற்று. முன்னைய நீக்கம் முறைப்படி நிகழாதது, ஆதலின் செல்லாது என்ற அடிப்படையில் சிராணி பண்டாரநாயக்க அம்மாதம் 28 ஆம் நாள் மீண்டும் பதவியில் அமர்ந்து மறுநாள் ஓய்வுபெற்றார்; க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். பலர் மகிழ்ந்தனர். எனினும் மொகான் பீரிஸ் வெளியேறியதும் எவ்வித விசாரணையாலும் அன்று. புதிய ஆட்சியின் தீர்மானத்தாலேயாம். நோய் தந்த மருந்திலும் அந்நோயின் கூறு இருந்தது என்பதை நேர்மையாக ஒப்புதல் வேண்டும்.

2025 ஓகஸ்ட் 5 ஆம் நாள் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனைப் பாராளுமன்றம் அகற்றியபோது வேறொரு முறை கையாளப்பட்டது. 2002 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கையின் பின்னரே வாக்கெடுப்பு நிகழ்ந்தது. ஆதரவாக 177 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை. சனாதிபதியை விசாரிக்க உயர் நீதிமன்றம், பொலிஸ் மா அதிபரை விசாரிக்க நீதியரசர் தலைமையிலான குழு, ஆயின் 2012 இல் பிரதம நீதியரசரை விசாரிக்கக் கட்சியினர் குழு: இம்முரண் சிந்திக்கத்தக்கது. நீதி வழங்குவோர்க்கே நீதியான விசாரணைமுறை இல்லையாயின் ஏனையோர்க்கு அவர் எங்ஙனம் அஞ்சாது நீதி வழங்குவர்?

இவ்வினா மன்னார் மக்களுக்கு ஏட்டளவினதன்று. மீன்துறை வழக்கொன்றே அந்நீதிமன்றின் பொறுப்பெனக் கொள்ளற்க. 2013 டிசம்பரிற் பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தை அடுத்து மனித எலும்புகள் வெளிப்பட்டபோது அகழ்வு மன்னார் நீதவானின் மேற்பார்வையிலேயே நிகழ்ந்தது. 2018 இல் மன்னார் நகரிற் கட்டடப் பணியின்போது புதைகுழி வெளிப்பட்டு முந்நூற்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டபோதும் அவ்வாறே. அனுப்பப்பட்ட மாதிரிகள் சில நூற்றாண்டுகள் பழையன என்று அமெரிக்க ஆய்வுகூடம் 2019 இல் அறிவித்தது. காணாமற்போனோரின் உறவினர் பலர் அம்முடிவில் அமைதியுறவில்லை. முடிவு எதுவாயினும், அதனைக் கேட்கும் தாய் ஒருத்தி நம்புதற்கு ஓர் அவை வேண்டும். அவ்வவையின் நீதவான் யார்க்கும் அஞ்சாதவராயிருத்தல் வேண்டும். அவர் அஞ்சாதிருக்க, அவருக்கு மேலுள்ள பிரதம நீதியரசர் ஒரு வாக்கெடுப்பில் விழுந்துபடாதவராயிருத்தல் வேண்டும்.

ஆகவே குற்றப் பிரேரணை தலைநகரத்துப் பெரியோர் தம்முட் பொருதும் விளையாட்டு என்று கரையோரத்து எளியோர் வாளாவிருத்தற்கில்லை. கொழும்பில் நடுவுநிலைமை சாயுமாயின், மன்னாரில் வலை விரிப்பவனின் வழக்கும் அதனுடன் சாயும். பாண்டியனைப் போன்றும் எல்லாளனைப் போன்றும் தம்மைத் தாமே தண்டிக்கும் ஆட்சியாளரை எதிர்நோக்கி இருத்தல் தகாது. சாட்டுவோரையும் தீர்ப்போரையும் வேறுபடுத்தும் சட்டத்தை இயற்றுவித்தலும், இயற்றப்பட்டதனைக் காத்தலும் குடிமக்களின் கடன். சான்றோர் தராசுக்கு ஒப்பிட்ட நடுவுநிலைமை, தராசைப் பிடித்த கைக்கும் அளவு வகுக்கும்போதே நிறைவெய்தும்.